கனம்

ஜுபைல் காவல் நிலையத்தில் எனக்கு மணிக்கு நாற்பது ரியால்.
கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று
சேர்ந்த அன்றே சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து
சோற்றில் கை வைத்திருந்தேன்.
வண்டி வந்துவிட்டது.

மேசைமேல் ஒரு கேசியோ கீபோர்டு,
இரண்டு கட்டை ஒடிந்தது.
பிய்த்து வைத்த குபூஸ், எவர்சில்வர் தட்டில்.
பாதி பாட்டில் விம்டோ.
பாட்டு வெளியே கேட்டுவிடாமல்
ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்திருந்த மெத்தையைக்கூடத்
தூக்கி வந்திருந்தார்கள்.
சுவரோரம் அதுவும் நின்றது, விசாரணைக்கு.

"சாராயமா?"
அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்தார்.
"விம்டோ" என்றேன்.
நோன்பு திறக்கையில் அவர் வீட்டிலும் அதுதான்,
என் அறையிலும் அதுதான்.
மூடியைத் திருகி மூட
தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

பெஞ்சிலும் தரையிலுமாக ஆண்கள் பதினைந்து பேர்.
பெண்கள் நாலு பேர் அடுத்த அறையில்.
ஒருத்திக்கு ஏழு மணிக்கு ஐசியூவில் டியூட்டி.
அதை மட்டும் சொல்லச் சொன்னாள்.
மூன்று தடவை சொன்னேன்.
மூன்று தடவையும் சரியான அரபியில்.

பிறகு அந்த நோட்டு.
கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, கையெழுத்தில் பாடல்கள்.
"எதைப் பற்றி?"
"தண்ணீரைப் பற்றி. இருட்டைப் பற்றி.
விடிந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி."
இதுவரை பொய்யில்லை.

கடைசிப் பக்கத்தில் பெயர்கள். முதல் வரி:
மேய்ப்பர் - ஞானதிரவியம்.
அவர் விரல் அங்கே வந்து நின்றது.
"இது?"

அரபியில் நேரான சொல் இருக்கிறது. ராயி.
மந்தைக்கும் அதுதான், சபைக்கும் அதுதான்.
அதோடு நிறுத்தியிருந்தால் பிசகில்லாத மொழிபெயர்ப்பு.
பிசகில்லாத மொழிபெயர்ப்புக்கு
ஆறு மாதம் உள்ளே, அப்புறம் விமானம்.

ராயி கனம், என்றேன்.
ஆடு மேய்க்கிறவன்.

அதிகாரி சிரித்துவிட்டார்.
எங்கள் ஆட்களும் ஆட்டுக்காரர்கள்தான், என்றார்.
"இவனிடம் எத்தனை ஆடு?"

சாயர்புரத்துக்காரரைப் பார்த்தேன். சாரம் கட்டும் ஃபோர்மேன்,
முழங்கையில் பழைய தீக்காயம்.
மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"பதினெட்டு" என்றேன்.

உறுதிமொழித் தாள் வந்தது. வாசித்துக் காட்டினேன்:
அனுமதி பெறாத கூட்டம் இனிக் கூட்டமாட்டோம்.
பத்தொன்பது கட்டைவிரல், நீல மை.
மை காய்ந்துபோய், கடைசி மூன்று பேரின் ரேகை
தாளில் இருந்ததாகவே தெரியவில்லை.

அனுமதி பெறாத கூட்டம்.
போன மாதம் தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான்.
அவன் வேலை பார்க்கும் வடக்கத்தி ஊர்,
வாடகை வீட்டு மாடி, பூட்டிய கதவு,
தொழுதார்கள் என்று ஒட்டியிருந்த இந்தி நோட்டீஸ்.
கீழே தமிழில் அவனே அடித்திருந்தான்,
இதே மூன்று சொல்லை.
என்னைவிட நன்றாக மொழிபெயர்ப்பான்.

வெளியே வர இரவு பத்து. சட்டை நனையும் புழுக்கம்.
கீபோர்டைத் தரவில்லை. மெத்தையைத் தந்தார்கள்.

"அண்ணாச்சி" என்றார் ஞானதிரவியம், வாசலில்.
"பதினோரு வருசமா இங்க கெடக்கேன்.
கனம்னா என்னன்னு எனக்குத் தெரியும்."
நான் பேசவில்லை.
"எங்க வீட்ல ஆடே கெடையாது.
ரெண்டு கோழி நின்னுச்சு, அவ்ளோதான்."
"தெரியும்."
"எனக்காகச் சொன்ன பொய்யி. உங்க கணக்குல ஏறிடக் கூடாதுல்லா."
கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார்.
"ஊர்ல பழைய ஆளுக, ஐயர் பேருக்கு முன்னால
கனம்னு போட்டுத்தான் எழுதுவாக.
நான் அந்த அளவுக்கு ஆளு இல்ல."

டாக்ஸிக்குள் மெத்தை நுழையவில்லை.
மேலே போட்டார்கள். கயிறு இல்லை.
ஆலைச் சுடரின் வெளிச்சத்தில் வண்டி வளைவது வரை தெரிந்தது,
இரண்டு பக்கமும் ஜன்னலுக்கு வெளியே
நீல விரலோடு நான்கு கை,
அதைப் பறந்துவிடாமல் பிடித்தபடி.